வளையனும் புள்ளியும் ஒரே தொட்டியில்

மீன் தொட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருத்தி என் மகள். போன வாரம் போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள், "அம்மா, ரெண்டு பெரிய ஏஞ்சலை ஒரே தொட்டியில விடப் போறோம். வேற வேற வகை. ஒண்ணும் ஆகாதில்ல?" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது, தைரியமா விடு" என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தாயாக நான் சொன்ன பதில் அது. இந்த வேலையில் முதுகு தேய்ந்து விருப்ப ஓய்வு வாங்கியவளாகச் சொல்லியிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். பெரிய ஏஞ்சல் மீன்கள் இரண்டை ஒரு தொட்டியில் விட்டால் எதுவும் ஆகலாம். காலையில் ஒன்று கிழிந்து மிதக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று பிரியாமல் ஆண்டுக்கணக்கில் சுற்றவும் செய்யலாம். எது நடக்கப் போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லும் மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. நடக்கிறபோது அதைச் சரியாகப் பார்ப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது கடலே இல்லாத தர்மபுரியில்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாம்பழ சீசன். விலங்கியல் படித்துவிட்டு, காரிமங்கலத்தில் கைக்குழந்தையோடு வேலை தேடிக்கொண்டிருந்தேன். தர்மபுரிப் பொருட்காட்சியில் 'அதிசயக் கடல் மீன் காட்சி' என்று தகரக் கொட்டகை போட்ட ஒருவர், வருகிறவர்களுக்கு மீன்களைப் பற்றி விளக்கம் சொல்ல உள்ளூரில் படித்த ஆள் வேண்டும் என்றார். போனேன். எல்லோரும் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவரை நாங்கள் முதலாளி என்று கூப்பிட்டோம். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், பெரிய குரல், சின்ன உடம்பு. தொட்டிகளைக் கவனித்த அவருடைய ஆள் வந்த வேகத்தில் காய்ச்சலில் படுத்து ஊருக்குத் திரும்பிவிட்டதால், விளக்கம் சொல்ல வந்தவளின் கைக்குத் தொட்டிகளும் வந்து சேர்ந்தன.

கூட்டத்தை இழுப்பதற்கென்று முதலாளி கொண்டுவந்தது இரண்டு மீன்கள். ஒன்று செம்பழுப்பு உடம்பில் நீலக் கோடுகள் வளைந்து ஓட, தோள் பக்கத்தில் நீல வளையம் போட்டது. தாம்பாளம் அளவு இருக்கும். அதற்கு வளையன் என்று பெயர் வைத்தோம். இன்னொன்று அதைவிடச் சிறியது. பச்சையும் பழுப்புமான உடம்பு முழுக்க நீலப் புள்ளிகள், துடுப்பின் ஓரத்தில் நீலக் கரை. அது புள்ளி. வளையனை அவன் என்றும் புள்ளியை அவள் என்றும் பேசினோம். எது ஆண், எது பெண் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவும் முடியாது.

இரண்டுக்கும் தனித்தனியாகப் பெரிய தொட்டி வைத்திருந்தார். பெரிய ஏஞ்சல் தனிக்காட்டு ராஜா, ஒரு தொட்டிக்கு ஒன்றுதான் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். ஆனால் தொப்பூர் கணவாயில் லாரி போட்ட ஒரு பிரேக்கில் ஒரு தொட்டியின் கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டுவிட்டது. தர்மபுரியில் இறக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மீன்கள் பாலிதீன் பைகளில் இருந்தன. கொட்டகைக்குள் தகரம் கொதித்தது. பைக்குள் மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்தவை ஒரு பெரிய தொட்டி, சின்ன மீன்களுக்கான சின்னத் தொட்டிகள், ஒரு பிளாஸ்டிக் டிரம்.

"டிரம்முல ஒண்ணப் போடுங்க டீச்சர்" என்றார் முதலாளி.

டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் அதற்குள்ளேயே குடியிருந்தது. தண்ணீர் ஊற்றிய சிறிது நேரத்தில் ரசம் மாதிரி ஆகிவிடும்.

"இதுல போட்டா நிச்சயம் செத்துரும். தொட்டியில போட்டா ஒருவேளை சாகும். ஒருவேளையே தேவலை" என்றேன்.

"ஒருவேளையா? ஒண்ணு செத்தாலும் நீங்க காரிமங்கலத்துக்குப் பஸ் ஏறிக்கிரலாம். பாத்துக்கங்க."

அந்தச் சம்பளம் என் குழந்தையின் பால். ஆகவே நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இரண்டுமே அந்தத் தொட்டிக்குப் புதியவை என்பது என் அதிர்ஷ்டம். ஏற்கெனவே ஒன்று குடியிருக்கும் தொட்டியில் இன்னொன்றை விட்டால், வீட்டுக்காரன் வந்தவனைக் கொல்வான். சந்தையில் வாங்கிய மண்பானைகளை வாய் உடைத்துப் படுக்கப் போட்டேன், ஒளிய இடம் வேண்டுமே. சிறியவளை முதலில் விட்டேன். அவள் ஒரு பானையைப் பிடித்துக்கொண்ட பிறகு பெரியவனை விட்டேன்.

பகல் முழுக்க ஆளுக்கு ஒரு மூலை. வந்த சனம் ரசித்தது. கடலைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். தண்ணீர் நிஜமாகவே உப்பா என்று விரல் விட்டு நக்கிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. இண்டூரிலிருந்து வந்த ஒரு அம்மா, முதலாளி லாரி வைத்துக் கடல் தண்ணீர் கொண்டுவந்தார் என்று நான் சொன்னதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஏங்க டீச்சர், அம்புட்டுத் தூரம் லாரி வுடணுமா? எங்கூர் போர் தண்ணி இதைவிட உப்பு. கேட்டிருந்தா ரெண்டு குடம் குடுத்திருப்பமில்ல!"

மாலையில் வெளிச்சம் இறங்கியபோது அது தொடங்கியது. வளையன் தன் மூலையை விட்டு வந்து, புள்ளியின் முன்னால் பக்கவாட்டில் நின்று, எல்லாத் துடுப்புகளையும் விரித்து உடம்பைக் காட்டினான். தொட்டிக்குள்ளிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம் வந்தது. கண்ணாடியில் வைத்திருந்த என் உள்ளங்கை அதிர்ந்தது. பெரிய ஏஞ்சல்கள் உடம்புக்குள்ளிருந்தே அப்படி இடிபோலச் சத்தம் எழுப்பும். கேட்டிராதவர்கள் தொட்டி உடைகிறது என்று ஓடுவார்கள். பிறகு துரத்தல். புள்ளி முன்னால், அவன் பின்னால், தொட்டியைச் சுற்றிச் சுற்றி. அவள் வயிற்றுப் பக்கம் அவன் மூக்கை வைத்து இடித்தான்.

"கொல்றான்யா!" என்று யாரோ கத்தினார்கள். முதலாளி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குள்ளும் 'பிரி, பிரி' என்றே கேட்டது. பாலிதீன் பையை விரித்துக் கையில் வைத்திருந்தேன். தண்ணீருக்குள் கையை விடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி தடுத்தது: இத்தனை இடித்தும் புள்ளியின் துடுப்பு ஏன் கிழியவில்லை? கொல்ல வருகிறவன் கண்ணையும் துடுப்பையும் கடிப்பான். இவன் கடிக்கவில்லை. அவள் பானைக்குள் புகுந்தபோது வாசலில் நின்றுவிட்டான். உள்ளே நுழையவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. சண்டை என்று உறுதியாகச் சொல்லவும் முடியவில்லை. தெரியாதபோது ஒன்றும் செய்யாமல் நிற்பது, வெறுமே நிற்பவளாகத் தெரியாமல் நிற்பது, ரொம்பக் கடினமான வேலை. நின்றேன்.

மறுநாள் காலை இரண்டும் உயிரோடு இருந்தன. முதலாளியின் முகத்தில் சந்தேகம் அப்படியே இருந்தது.

அன்று உடைந்த தொட்டிக்கு அளவெடுக்கக் கண்ணாடிக் கடை பாய் வந்தார். சாமி படங்களுக்குச் சட்டம் போடுவதிலிருந்து பீரோக் கண்ணாடி வரை தர்மபுரியில் அவர் கடைதான். வழியில் யாருக்கோ கொடுக்க வேண்டிய ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையோடு கொண்டுவந்தவர், அதை எங்கள் தொட்டிக்கு எதிரே பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு டேப்பை எடுத்தார்.

'டொப்.' மறுபடி 'டொப்.'

திரும்பினேன். வளையன் கண்ணாடியில் தெரிந்த தன் நிழலோடு மோதிக்கொண்டிருந்தான். அதில் வியப்பில்லை, எந்தப் பெரிய ஏஞ்சலும் செய்யும். வியப்பு என்னவென்றால், அவன் பக்கத்தில் தோளோடு தோளாகப் புள்ளியும் துடுப்பை விரித்து நின்றாள். இரண்டும் சேர்ந்து எதிரே தெரிந்த இரண்டையும் விரட்டின. அவன் சோர்ந்து பின்வாங்கினால் அவள் முன்னால் வந்தாள். நேற்று யாரைத் துரத்தினானோ அவளுக்கு இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு, கவலையே இல்லாமல், எதிரியைப் பார்த்து நின்றான்.

எதிரிக்கு முதுகைக் காட்டும் மீன் கிடையாது.

"பாய், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் அப்படியே வைங்க."

"என்னங்கம்மா, மீனு தலை சீவிக்குதா?"

"ஜோடி சேர்ந்திருக்குது பாய். ரெண்டும் வேற வேற வகை. ஆனா சேர்ந்து தொட்டிக்குக் காவல் நிக்குது."

பாய் கண்ணாடியைத் துணி போட்டு மூடினார். இரண்டும் உடனே அமைதியாகி, கல்லில் கட்டிப் போட்ட வேகவைத்த கீரையை ஒரே பக்கத்திலிருந்து கொத்தத் தொடங்கின. ஒரே வகைத் துணை கிடைக்காத இடத்தில், கிடைத்த பெரிய மீனோடு சேர்ந்துகொள்வது இவற்றுக்கு உண்டு என்று பின்னால் பல பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எல்லாமே சேர்வதில்லை. பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். அளவு வித்தியாசம் இருக்க வேண்டும், ஓரிடத்துக்கு ஒரே நேரத்தில் வர வேண்டும், அதற்கு மேல் அவற்றின் இஷ்டம். முட்டை போட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தத் தொட்டிக்கு அந்த ஆழம் கிடையாது. சாயங்காலமானால் இரண்டும் வயிற்றோடு வயிறு ஒட்டி மேலே எழும்பும், இறங்கும். அவ்வளவுதான்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். 'கடலில் காதல்! நேரில் காண வாரீர்!' கூட்டம் சந்தை மாதிரி வந்தது. விளக்கம் சொல்லி என் தொண்டை கட்டியது. அந்த இண்டூர் அம்மா சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்.

"ரெண்டும் வேற வேற ஜாதியாமே. பெத்தவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"கடல்ல முட்டை தண்ணியோட போயிடுமுங்க. பெத்தவங்க யாருன்னே அதுங்களுக்குத் தெரியாது."

"அதான் நிம்மதியா இருக்குதுங்க" என்றார். அவர் வீட்டுக்காரர் முறைத்தார். கொட்டகையே சிரித்தது.

இந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது பாயின் நல்ல வேலைதான். புதுக் கண்ணாடி போட்ட தொட்டி தயாரானது. அது காலியாக நிற்பது முதலாளியின் கண்ணை உறுத்தியது.

"ஆளுக்கு ஒரு தொட்டி குடுத்தா ரெண்டு பக்கமும் கூட்டம் நிக்கும் டீச்சர். இப்ப ஒரே எடத்துல நெரியிது."

"பிரிச்சா என்ன ஆகும்னு தெரியாதுங்க மொதலாளி."

"வரும்போது தனித்தனியாத்தானே வந்துச்சு? அதுக்கு முன்ன என்ன, கையப் பிடிச்சுக்கிட்டா அலைஞ்சுச்சு?"

புள்ளியைப் புதுத் தொட்டிக்கு மாற்றினோம். வலையில் பிடிக்கவில்லை, இதை மட்டும் மனதில் வையுங்கள். பெரிய ஏஞ்சலின் கன்னத்தில் ஒரு முள் இருக்கிறது. அது வலையில் சிக்கினால் மீனும் கிழியும், எடுக்கப் போன உங்கள் கையும் கிழியும். பையைத் தண்ணீருக்குள் விரித்து, ஓட்டித்தான் பிடிக்க வேண்டும்.

வளையன் அன்றிலிருந்து கீரையைத் தொடவில்லை. மூலையில் நின்று நிறம் மங்கினான். புள்ளி வேறு விதம். புதுத் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடிக்கு வெளிப்புறம் கறுப்பு அடித்திருந்தார்கள். அதில் தெரிந்த தன் நிழலை விடாமல் இடித்து, உதடு வெளுத்துப் புண்ணாகிவிட்டது. அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். வாய் புண்ணான மீன் சாப்பிடாது. சாப்பிடாத மீன் அந்த வெயிலில் தாங்காது.

"திரும்பச் சேத்துரலாம்" என்றேன்.

"சேத்தா அடிச்சுக்கிராதுன்னு எழுதித் தருவீங்களா?"

"தர மாட்டேன். இப்ப அது வளையனோட வூடு. மறந்திருந்தான்னா கொன்னாலும் கொல்லுவான். சேக்கலைன்னா ரெண்டுமே போயிடும்."

முதலாளி என்னையே பார்த்தார். மீன்களுக்காக மட்டும் நான் பேசவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஒன்று செத்தால் எனக்கு வேலை இல்லை. "செய்ங்க. ஆனா பஸ்ஸு விசயம் நான் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

பாயிடம் போய், தொட்டிக்குள் குறுக்கே நிறுத்த ஒரு கண்ணாடிப் பலகை கேட்டேன். ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தார். வளையன் தொட்டியில் பானைகளை எல்லாம் இடம் மாற்றினேன். தன் வீடு என்று அவன் நினைத்தது அவனுக்கே அடையாளம் தெரியக்கூடாது. பலகையை நடுவில் நிறுத்தி, அந்தப் பக்கம் புள்ளியை விட்டேன். மறுநாள் வரை பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்துக்கொண்டார்கள். இடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. நல்ல அறிகுறி என்று சொல்லலாம். பலகை இருக்கும்வரை எல்லாமே நல்ல அறிகுறிதான்.

சாயங்காலம் கொட்டகைக் கதவை மூடினோம். வெளியே மைக்கில் எதையோ சொல்லி முதலாளி கூட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு உள்ளே வந்தார். பாயும் இருந்தார்.

"தூக்கட்டுமாங்கம்மா?"

"தூக்குங்க பாய். மெதுவா."

பலகை மேலே வந்தது. வளையன் நேராக வந்தான். துடுப்பை விரித்தான். 'டொப்.' புள்ளி ஓடினாள். அவன் பின்னாலேயே. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நீர் வெளியே தெறித்தது.

"டீச்சர், வலை! வலையைப் போடுங்க!" முதலாளி என் கையில் வலையைத் திணித்தார். நான் வாங்கிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். புள்ளி ஒரு பானைக்குள் புகுந்தாள். என் வேலை, என் குழந்தையின் பால், இரண்டு மீன்களின் உயிர், எல்லாம் அந்தப் பானை வாசலில் நின்றது. உள்ளே நுழைந்தால் கொலை. வெளியே நின்றால் உறவு.

நின்றான்.

வாசலில் பக்கவாட்டில் திரும்பி, முழு உடம்பையும் காட்டி, அசையாமல் நின்றான். மங்கியிருந்த நீலக் கோடுகள் எழும்பி வந்தன. பானைக்குள்ளிருந்து முதலில் ஒரு வெளுத்த உதடு, பிறகு புள்ளி முழுதாக. அவன் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டும் சேர்ந்து மெதுவாகத் தொட்டியை ஒரு சுற்று சுற்றின. புதிதாக வைத்த ஒவ்வொரு பானையையும் நின்று நின்று பார்த்தன, வாடகை வீடு பார்க்க வந்தவர்கள் மாதிரி.

முதலாளி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். "சரி, இந்த இன்னொரு தொட்டியில என்னத்தப் போட?"

"நீங்களே உள்ள உக்காருங்க மொதலாளி" என்றார் பாய். "கூட்டம் அள்ளும்."

பிள்ளைகளே, உறவும் சண்டையும் ஒரே மாதிரிதான் தொடங்கும். விரித்த துடுப்பும் இடிச் சத்தமும் துரத்தலும் இரண்டுக்கும் பொது. தொடக்கத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒளிய இடம் கொடுத்துவிட்டு, ஒளிந்தவளிடம் துரத்தியவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். உள்ளே நுழைந்தால் தாமதிக்காமல் பிரித்துவிடுங்கள். அதுவரை பை கையில் இருக்கட்டும், கை வெளியே இருக்கட்டும்.

கதவைத் திறந்தோம். இண்டூர் அம்மாதான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே வந்தார். கீரைக் கட்டின் ஒரே பக்கத்தில் இரண்டும் கொத்திக்கொண்டிருந்தன. தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னங்க டீச்சர், மைக்குல பெரிய சண்டைன்னாரே?"

"முடிஞ்சு போச்சுங்க. இப்ப சாப்பாடு."

"அடப்பாவமே! சண்டைக்கு எங்களை வெளிய நிறுத்திட்டு, சாப்பாட்டுக்குக் கதவைத் தொறக்கிறீங்களா? இதைத்தான் எங்கூட்டுல தெனமும் பாக்குறனே!"